பிறர் நாயின் வயிறறிந்தவர்

நாய் வளர்ப்பவர்களில் ஓர் இனம் உண்டு. தம் நாயைப் புல்லில் அவிழ்த்துவிட்டு, ஊரார் நாய்களின் பின்பக்கத்தையே பார்த்தபடி பூங்காவில் நிற்பார்கள். இவர்களுடைய வைத்தியப் பிரிவு மலச்சிக்கல். எங்கே படித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மனம் புண்படும்.

பியூனஸ் அயர்ஸில் பேட்டைக்கு ஒருவர் நிச்சயம். எங்கள் பேட்டைக்கு வாய்த்தவர் ஓஸ்வால்டோ. பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். உங்கள் நாய் ஒரு சுற்றுச் சுற்றி, குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து, நாலடி நடந்து மறுபடி குந்துகிறது என்று வையுங்கள்; உங்களுக்கு அது உறைப்பதற்குள், கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குவளையுமாக அவர் வந்து, ஓர் உறிஞ்சு உறிஞ்சி, கண்ணைச் சுருக்கி, உங்கள் தோளில் கை வைத்திருப்பார்.

“கட்டிக்கிச்சு.”

அவ்வளவுதான். தீர்ப்பு.

கண்டுபிடிப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. விழுந்தது ஆட்டுப் புழுக்கை போலக் காய்ந்திருக்கிறதா, வயிறு கல்லாக இருக்கிறதா, எல்லாம் சரியாகச் சொல்வார். வைத்தியத்தில்தான் வில்லங்கம். பல்வலி வந்தால்கூட மனநல மருத்துவரிடம் போய்ப் படுத்துக்கொண்டு பெற்ற தாயைக் குறை சொல்லும் ஊர் இது. நாய்க்கு மட்டும் விதிவிலக்கா?

போன வாரம் மாட்டியவர் நெலிதா. கணவர் போன பிறகு அவருக்கு வீட்டில் பேச்சுத்துணை பீப்போ என்ற கிழட்டு நாய் ஒன்றுதான். திங்கட்கிழமை அது முக்கிக்கொண்டு நின்றது.

“நெலிதாம்மா, கோளாறு அவன் வயித்துல இல்ல. நீங்க மனசுல எதையோ அடக்கி வெச்சிருக்கீங்க. யாரோட பேச்சுவார்த்தை இல்லாம இருக்கீங்க?”

“என் தங்கச்சியோட. அம்மாவோட தையல் மிஷின அவ தூக்கிட்டுப் போனதுலேர்ந்து.”

“பாத்தீங்களா! இன்னிக்கே போன் போடுங்க.”

போட்டார். அக்கா அழுதார், ரொசாரியோ நகரில் தங்கை அழுதாள், தையல் மிஷின் திரும்பி வருவதாக முடிவாயிற்று. பீப்போ மட்டும் போகவில்லை.

“நீங்க இன்னும் முழு மனசா மன்னிக்கல,” என்றார் ஓஸ்வால்டோ.

புதன்கிழமை பீப்போ தண்ணீர்கூடக் குடிக்காமல் மஞ்சளாக வாந்தி எடுத்தது. “நல்லதுதான், உள்ள இருக்கறது வெளிய வருது,” என்று அவர் மாத்தேயை உறிஞ்சியபோது, எனக்கு அந்தக் குவளையை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல வந்தது. நெலிதா நாயை வாரி எடுத்துக்கொண்டு எதிர்த்தெரு கால்நடை மருத்துவர் யமிலாவிடம் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஓஸ்வால்டோவும் வந்தார், மருத்துவர் தப்பாக எதுவும் செய்துவிடக் கூடாதே என்று.

எக்ஸ்ரேயைப் பார்த்து யமிலா கேட்டார்: “எலும்பு போட்டது யாரு?”

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: எலும்பா, எங்கள் வீட்டிலா? ஞாயிறு மதியம் தணலில் கறி வாட்டாத வீடு இல்லை, தின்று முடித்து வாட்டியவருக்குக் கை தட்டாத பந்தி இல்லை, மேசைக்கடியில் கை நீளாத விருந்தாளியும் இல்லை. ஆனால் நெலிதா சொன்னது சத்தியம். பீப்போவுக்காகவே அவர் எலும்பில்லாத கறிதான் வாங்குவார். அந்த ஞாயிறு அவர் வீட்டு விருந்துக்கு விலா எலும்புக் கறிப் பொட்டலத்தோடு வந்தவர் ஒருவர்தான். சுட்ட எலும்பு நாயின் குடலில் சிமெண்டாக இறுகும் என்று விருந்து முழுக்கப் பிரசங்கம் செய்தவரும் அவரே.

நெலிதா மெல்ல ஓஸ்வால்டோ பக்கம் திரும்பினார். “கறி வாட்டினவளுக்குன்னு ஞாயித்துக்கிழமை எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க மட்டும் தட்டல. என் கைப்பக்குவம் புடிக்கலபோலன்னு ராத்திரியெல்லாம் வருத்தப்பட்டேன். உங்க கை எங்கய்யா இருந்துச்சு?”

ஓஸ்வால்டோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“ஒண்ணே ஒண்ணுதாம்மா... அவன் பாத்த பார்வை அப்படி.”

“ஒண்ணு இல்ல,” என்றார் யமிலா, எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னிக்கும் கூட்டிட்டு வராம விட்டிருந்தா குடலே போயிருக்கும். நல்லா தண்ணி, தெனமும் நடை, அவிச்ச பூசணி கொஞ்சம், இதெல்லாம் லேசான கட்டுக்குத்தான். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம கெடந்தாலோ யார் பேச்சையும் கேக்காம இங்க வந்துடணும்.”

ஊசி வழியே நீர் ஏறியது, எனிமா ஆயிற்று. மறுநாள் மாலை பூங்காவில் பீப்போ ஒரு சுற்றுச் சுற்றிக் குந்தியது. முக்கியது. போயிற்று. நெலிதா அழுதே விட்டார். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்து, கறி வாட்டியவருக்குத் தட்டுவது போலவே கை தட்டினோம். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் ஓஸ்வால்டோ. இரண்டு கைகளாலும்.

தட்டி முடித்ததும் பக்கத்தில் முக்கிக்கொண்டிருந்த நாயின் சொந்தக்காரர் தோளில் கை வைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த விருந்தில் நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று நீங்கள் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கையில், உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ அதை நக்கிக்கொண்டிருக்கலாம்.