மூன்றாம் பாகத்துக் கொள்ளை

என் மனைவியிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை பறித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். கரண்டி என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய ஆயுதம், கதையின் முடிவு.

மாயாஜாலத் திருட்டு நாவல்கள் என்றால் எனக்கு உயிர். ஊர் துரத்தியடித்த ஐந்து பேர்: ஒற்றைக்கண்ணன், மந்திரம் மறந்துபோன மந்திரவாதி, பூட்டுக்காரி, இன்னும் இரண்டு உருப்படாதவர்கள். டிராகன் காவல் காக்கும் கோட்டைக்குள் புகுந்து ராஜாவின் நிழலையே திருடுகிறார்கள். ஐவரில் ஒருவர் துரோகி. யார் என்பது மூன்றாம் பாகத்தின் கடைசி அறுபது பக்கங்களில் இருக்கிறது. நான் பூட்டுக் கடையில் வேலை பார்ப்பவன். பூட்டு வரும் இடத்தையெல்லாம் இரண்டு தடவை படிப்பேன். என் மனைவி ஒன்றரை நாளில் முடித்துவிட்டாள். அன்றோடு என் சுதந்திரமும் முடிந்தது.

"என்னங்க, ஃபேனைத் தொடைங்க."

"அடுத்த வாரம் பாக்கலாம்மா."

"சரி. அந்தத் துரோகி இருக்கானே..."

"தொடைக்கிறேன்! ஏணி எங்க?"

"அடடா, 'இருக்கானே'ன்னுட்டேனா? ஆம்பளைன்னு தெரிஞ்சுபோச்சே."

"அய்யோ! அப்போ பூட்டுக்காரி இல்லையா?"

"ஜன்னலையும் தொடைங்க. மிச்சத்தைச் சொல்லாம இருக்கேன்."

புத்தகம் பீரோவுக்குள் போனது. வேலைக்குக் கூலி, தினம் ஐந்து பக்கம். பீரோவில் தொங்குவது எங்கள் கடைப் பூட்டு. எவனாலும் திறக்க முடியாது என்று பீற்றிக்கொண்டு கல்யாண நாளுக்கு நானே வாங்கிக் கொடுத்தது. எவனாலும் என்பதில் நானும் அடக்கம். சாவி அவள் இடுப்பில்.

ஆகவே கூட்டம் சேர்த்தேன். கீழ்வீட்டுக்காரர், தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் குடியிருப்போர் சங்கம் விலக்கிவைத்த முன்னாள் செயலாளர். அடுத்தவர் என் மாமியார். நாலு நாளாக அம்மாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கூட்டாளிகள் இருவருமே ஒதுக்கப்பட்டவர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தை, அவ குளிக்கப் போறப்ப சாவியை எடுத்துடணும்."

"எடுத்துட்டாப் போச்சு மாப்பிள்ளை."

"சார், அவ வெளியே வந்ததும் நீங்க பெல் அடிச்சு ஒரு மணி நேரம் பேசணும்."

"தொட்டி விஷயத்தை எடுத்தேன்னா மூணு மணி நேரம் போகும் சார்!"

எல்லாம் பிசகாமல் நடந்தது. அவ்வளவு சுலபமாக நடந்ததற்கு அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்தாவது நிமிடம் சாவி என் கையில். பதினோராவது நிமிடம் புத்தகத்தோடு மொட்டை மாடியில். துரோகி மந்திரவாதிதான்! மறந்ததுபோல் நடித்திருக்கிறான், படுபாவி. கடைசிப் பக்கத்தில் பூட்டுக்காரி டிராகனின் வாயில் மாட்டிக்கொள்கிறாள். அது கிடக்கட்டும். நான் விடுதலை பெற்றவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

"இனிமே ஃபேனை நீயே தொடைச்சுக்கோ. முடிவைப் படிச்சுட்டேன்!"

சோபாவில் அம்மாவும் மகளும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியும். சாவியை நான்தானே அம்மாகிட்ட குடுத்தேன்."

"நீயா? ஏன்?"

"பழைய புத்தகத்தைப் பூட்டி வெச்சு என்ன பிரயோஜனம்? நாலாம் பாகம்தான் போன வாரமே வந்துடுச்சே."

"போன வாரமா? உங்களுக்குள்ள சண்டைன்னு..."

"யார் முதல்ல படிக்கிறதுன்னுதான் சண்டை. நேத்து ரெண்டு பேருமே முடிச்சுட்டோம்."

"அத்தை! நீங்களுமா?"

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் தொடைச்சுக் குடுங்க மாப்பிள்ளை. அந்தப் பூட்டுக்காரிய டிராகன் முழுங்குச்சா இல்லையான்னா..."

துடைத்தேன். பளபளவென்று துடைத்தேன். அப்போது வாசலிலிருந்து கீழ்வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"சார், நேத்து உங்க வீட்டம்மா குடுத்தாங்க, நானும் நாலாம் பாகத்துல பாதி தாண்டிட்டேன். என் ஸ்கூட்டர் ஒரே அழுக்கா இருக்கு, பாத்தீங்களா?"

வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.