கடலா ஐஸா என்று சொல்ல மறுத்த மகள்

தென்காசி,
ஆனி மாதம், சாரல் விடாத ஒரு புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனன் விஸ்வநாதனுக்கு,

அத்தான் ரத்தினம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் மகள் சுகந்தியும் சாரலில் தும்மிக்கொண்டு நலம். அம்பத்தூரில் நீங்கள் தும்மாமல் நலமாயிருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் கடிதம்.

நீ பார்த்துச் சொன்ன ஆய்க்குடிப் பையன் மணிகண்டபிரபுவும் அவன் தாயார் சந்தனமாரியம்மாளும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பெண் பார்க்க வந்தார்கள். சுகந்தியோ மாடியில் வேலையில் இருந்தாள். அவள் வேலை உனக்குத் தெரியும்தானே? செயற்கைக்கோள் ரேடாரில் எடுத்த தென்துருவக் கடல் படத்தைப் பார்த்து, எது தண்ணீர், எது ஐஸ் என்று கம்ப்யூட்டரே பிரித்து வரைபடம் போடும். அதைக் கப்பல்களுக்கு அனுப்பும் முன் இவள் சரிபார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒரு கறுப்புத் திட்டைத் தண்ணீர் என்று அடித்துச் சொல்லிவிட்டது. காற்றில்லாத தண்ணீரும் கறுப்பாகத்தான் தெரியுமாம், புதிதாக உறைந்த மெல்லிய ஐஸும் கறுப்பாகத்தான் தெரியுமாம். கடலா ஐஸா, ஒன்றைச் சொல் என்று மேலதிகாரி போனில் நெருக்க, இவள் கத்தியது கீழே எல்லோருக்கும் கேட்டது.

"தெரியலை சார். தெரியலைன்னுதான் குறிப்பேன். கப்பல்ல ஆளுக இருக்காங்கல்லா?"

சந்தனமாரியம்மாள் என்னைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இம்புட்டுப் படிச்சிட்டுத் தெரியலைங்குதா?"

நான் ஏதோ சிரித்துச் சமாளித்தேன். பிறகு அவள் இறங்கி வந்தாள், காதில் ஹெட்போனோடு. உன் அக்கா அதைப் பிடுங்கி முந்தானையில் ஒளித்தாள். "எம் பையனப் பிடிச்சிருக்கா தாயி?" என்று அந்த அம்மாள் ஆசையாகக் கேட்டார்.

"தெரியலை அத்தை. இப்பத்தானே பாக்குதேன்."

பையன் பக்கென்று சிரித்துவிட்டான். "ஏலே, ஒனக்கு?" என்று தாயார் அவனைக் கேட்டால், "எனக்கும் அப்படித்தாம்மா" என்றான். அந்த அம்மாள் காப்பியைத் தொடாமல் மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் என் வயிறு எரிவது எதற்கென்றால், மறுநாள் வேறு படம் வந்தது. அது வெறும் தண்ணீர்தான்! கம்ப்யூட்டர் சொன்னதே சரி. இவள் குறிப்பை நம்பிக் கப்பல் சுற்றிப் போய் நேரம் வீணாம், மேலதிகாரியிடம் வசவு. "பாத்தியாட்டி, ஒண்ணுமில்லாததுக்கு ஒரு சம்பந்தம் போச்சே" என்றேன்.

"அன்னைக்கு எனக்குத் தெரியலையேப்பா. இன்னைக்குத் தெரிஞ்சத வச்சு, அன்னைக்கே தெரியும்னு சொல்ல முடியுமா? அது ஐஸா இருந்திருந்தா?"

நம் குடும்பத்தில் எத்தனை கல்யாணத்துக்கு எத்தனை பேர் 'பையன் தங்கம், எனக்கு நல்லாத் தெரியும்' என்று சொல்லியிருப்பார்கள்! அதில் யாருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கும் என்று யோசித்து இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் யோசித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீ அவளைக் கண்டித்து அந்த வேலையை விடச் சொல். ஆய்க்குடிக்குப் பேசி மன்னிப்புக் கேள். வேறு இடமும் பார்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, வாயை அளந்து பேசி, நீடு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சந்தனமாரியம்மாள் குடையோடு தனியாக வந்து நிற்கிறார். "இதுவரைக்கும் பாத்த வீட்டுல எல்லாரும் நேர்ல சரின்னுட்டுப் போன்ல வேண்டாம்னாங்க. ஒங்க மக ஒருத்திதான் உள்ளதச் சொன்னா. எங்க அவ?" என்று கேட்டு மாடியேறிவிட்டார். அங்கே இன்றைக்கு வந்த வேறொரு படத்தைக் காட்டி, இது கடல்தான் என்று அவரும், இல்லை அத்தை, ஐஸ் என்று இவளும் உரக்க வாதாடுகிறார்கள். மாமியார் மருமகள் சண்டை தாலி ஏறுமுன்னே தொடங்கிவிட்டதால், மேலே எழுதிய எதையும் செய்துவிடாதே. கிளம்பி வா.