இயந்திரத்தின் கண்ணில் வைத்த பொட்டு

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஆயுள் கெட்டி. படிக்காதவன் செய்தால் ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

திருப்பதிக்கு வெளியே, தங்கும் விடுதிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி உபயோகத்துக்கு விடுகிற கம்பெனியில் எனக்கு முதல் வேலை. நாம் விழுங்குகிற மாத்திரையும் தேய்த்துக்கொள்கிற ஷாம்பூவும் வடிகட்டியில் சிக்காமல் தண்ணீரோடு வந்துவிடும். அவற்றை உடைக்கப் புற ஊதா விளக்கு இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. திறப்பு விழாவுக்கு வரும் விருந்தினர் முன்னால் அதை ஓட்டிக் காட்டினால் சிங்கப்பூர்க் கிளைக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். சத்தியவேட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்க, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா அதற்குள் சொல்லிவிட்டார். (என் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியும் விட்டார். பார்த்தவர்கள் நான் செத்துவிட்டதாக நினைத்தார்கள்.)

பூஜை போடாமல் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்றார் முதலாளி. பூசணிக்காயை அவரே உடைத்தார். "பொட்டு பெட்டய்யா" என்று தெலுங்கில் சொல்லிக் குங்குமத் தட்டை என்னிடம் நீட்டினார். குழாய், பம்பு, சுவிட்சுப் பெட்டி என்று வைத்துக்கொண்டே போனேன். மேஜை மேல் சென்சார் இருந்தது. உள்ளே விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்கிற கண் அதுதான். வேடிக்கை பார்க்க வந்திருந்த நைனா, "கண்ணு இன்னாடா பாவம் பண்ணுச்சு, அதுக்கும் வெய்யி" என்றார். எண்ணெயில் குழைத்த குங்குமத்தைக் கண்ணாடி நிறைய அப்பினேன். அதை உள்ளே மாட்டியதும் பொறியியல் பட்டதாரியாகிய நானே.

விளக்குகள் நன்றாகத்தான் எரிந்தன. குங்குமம் அப்பிய சென்சார் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. விளக்கு செத்தது என்று முடிவுகட்டிய இயந்திரம், விருந்தினர் முன்னால் அலறிவிட்டுத் தண்ணீரை நிறுத்தியது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. முதலாளியின் மச்சான் சென்சாரைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டினான். ஓடியது. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு மூடநம்பிக்கை அதிகம் என்று முதலாளி விருந்தினரிடம் ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். அவர் சட்டையில் பூசணி விதை ஒட்டியிருந்தது.

சிங்கப்பூருக்கு மச்சான் போனான். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது நைனா மெதுவாக, "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்டா" என்றார். எனக்கு ஆத்திரம் முதலாளி மேல்தான்; அது இன்னும் அடங்கவில்லை.

வீட்டில் புது மிக்ஸி வந்தால்கூட, "கண்ணு எங்க கீதுன்னு பெரியவனக் கேட்டுக்கினு வெய்யி" என்கிறார்கள். சில வருஷம் கழித்து என் தம்பி வேறொரு வேலைக்குச் சிங்கப்பூர் கிளம்பினான். அம்மா குங்குமத்தோடு வர, இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு, "நெத்தியில மட்டும் வெய்யிம்மா, நானாவது போய்ச் சேர்றேன்" என்றான். நைனா உட்பட வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரை சுமந்துபோனது நான்தான்.