அர்த்தனாரியின் இரண்டு வார்த்தைகள்

மச்சினன் பொன்னனின் வாசலை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று அர்த்தனாரி ஒன்பதாவது வருடமாகச் சபதம் செய்தார். வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளும் சபதம் அது.

காரணம் சின்னதல்ல. இவர் நட்ட மிளகுக்கொடி, வரப்போரம் நின்ற பொன்னனின் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் காய்த்துக்கொண்டிருந்தது. பொன்னன் மரத்தை லாரிக்காரனுக்கு விற்றான். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரம் விழுந்தது, பன்னிரண்டு வருடக் கொடியும் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மாட்டுக்குத் தண்ணி காட்டிய நேரம். மகளின் கல்யாணத் தேதி அர்த்தனாரிக்கு மறந்ததுண்டு, அந்த வெள்ளிக்கிழமை மறந்ததில்லை.

இப்போது பொன்னனின் தோட்டத்தில் வாடல் நோய் புகுந்து முந்நூறு கொடியும் கருகிவிட்டது. நாலு நாளாகச் சோறு தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறானாம். அவனுக்கு அக்காளும் அர்த்தனாரிக்கு மனைவியுமான மயிலம்மாள் தினமும் போய் வந்தாள். அடுத்து தன்னை இழுப்பாள் என்று இவருக்குத் தெரியும். தற்காப்புக்கு இரண்டு வார்த்தைகள் வைத்திருந்தார். ஆமா, இல்ல. முப்பது வருடக் குடித்தனத்தை அந்த இரண்டிலேயே ஓட்டியவர். கோவமா? ஆமா. போவீங்களா? இல்ல. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று.

மயிலம்மாள் கெஞ்சவில்லை. போன வாரம்தான் நர்சு ஸ்டெல்லா பெண்களைக் கூட்டி, மனசு நொந்தவர்களிடம் ஆமா, இல்ல என்று முடிந்துபோகிற கேள்வியைக் கேட்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். நலம் விசாரிக்கவும் வகுப்பா என்று அர்த்தனாரி வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலை களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். மயிலம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கொடி விழுந்தன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அர்த்தனாரி "ஆமா" என்றார். பொருந்தவில்லை. "இல்ல" என்றார். அதுவும் பொருந்தவில்லை. ஆயுதக்கிடங்கு காலி.

பிறகு வாய் தானாகத் திறந்துகொண்டது. கொடி வைத்த அன்று பெய்த மழையிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் தூக்கிய குடத்தைச் சொன்னார். விழுந்த கொடியின் காய் பிஞ்சாக இருந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவள் நடுநடுவே "அப்புறம்?" என்றதோடு சரி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இத்தனை பேச்சு தனக்குள் எங்கே இருந்தது என்று அவருக்கே பிரமிப்பாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி, ஒன்பது வருடத்தையும் வெளியே எடுத்துக் களத்தில் காயப்போட்டுவிட்டது. மனைவியை முதல்தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மயிலு, கொடி செத்தா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். நான் போயி அவனப் பாத்துட்டு வாரேன். நீ தடுக்காத."

"நான் ஏனுங்க தடுக்கறேன்?"

சட்டை மாற்றி, யாரும் சொல்லாமல் தானாகவே கிளம்பிய பெருமையோடு நடந்தார்.

பொன்னன் சுவரோரம் கிடந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லீங்க மாமா என்றான். உடம்புக்கு முடியலையா என்றார். ஆமாங்க என்றான். தன்னுடைய இரண்டு வார்த்தையும் எதிராளி கையில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்ள, கொடிங்க ஒவ்வொண்ணா வாடறப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

பொன்னன் திரும்பினான். எழுந்து உட்கார்ந்தான். முதல் இலை பழுத்த நாளிலிருந்து கொட்டித் தீர்த்தான். அர்த்தனாரி வாயைப் பிளந்து கேட்டார். மந்திரம் தன் வாயிலும் பலிக்கிறதே!

"உங்க கொடிய நெனச்சுத்தானுங்க மாமா அழுதேன்" என்றான் கடைசியில். "அன்னைக்கு உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். இப்பத்தான் தெரியுது."

அர்த்தனாரிக்குக் கண் நிறைந்தது. பொன்னனின் மனைவி பொன்னாயி இரண்டு தட்டோடு வந்தாள்.

"உக்காருங்கண்ணா. இன்னைக்கு மத்தியானமே வந்துருவீங்கன்னு அண்ணி நேத்தே சொல்லிட்டாங்க. கோழிக்கொழம்ப ரெண்டு தடவ சூடு பண்ணிட்டேன்."