பெரிய வயிற்று ரூட்டர்

"சமை... தெரி... ம்மா?"

பூனேயிலிருந்து லோகநாயகி கேட்ட கேள்வி இவ்வளவுதான் தென்காசி வந்து சேர்ந்தது. சண்முகநாதனுக்கு வேர்த்துவிட்டது. மகள் மீனாவே ஆசைப்பட்ட வரன் இது. மாப்பிள்ளை விஜயசங்கர் அவளோடு வேலை பார்த்த நெட்வொர்க் இன்ஜினீயர். அவன் அம்மா லோகநாயகி வீடியோ காலில் பேசிச் சரி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மீனாவோ கேள்வி முடியும் முன்பே பதிலை வீசுகிற ரகம். முந்தைய வரன்கள் அதில்தான் ஓடிப்போயின.

"ஏலே பெலிக்ஸ், பேச்சு பாதி விட்டுப்போவுதுலே!"

இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் பெலிக்ஸ் புது ரூட்டரோடு வந்தான். "இதுக்கு வயிறு பெருசு அண்ணாச்சி. நெருக்கடியானா எதையும் கீழ விடாது. உள்ள பிடிச்சு வச்சு ஒவ்வொண்ணா அனுப்பும்."

அடுத்த ஞாயிறு குரல் பிசிறில்லாமல் போனது. ஆனால் ஆற அமரப் போனது. சாரல் தொடங்கியதிலிருந்து குற்றால அருவியை வீடியோ எடுத்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்புவதுதான் சண்முகநாதனுக்குப் பொழுதுபோக்கு. அன்றும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"சமைக்கத் தெரியுமாம்மா?"

மீனா பட்டென்று பதில் சொன்னாள். பூனேக்கு அது போய்ச் சேரவில்லை. லோகநாயகி காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"எங்க பையனப் பிடிச்சிருக்கா?"

அப்போதுதான் முதல் பதில் போய் இறங்கியது.

"சுமாராத்தான் அத்தை. போகப்போகச் சரியாயிரும்."

லோகநாயகியின் புருவம் ஏறியது. சண்முகநாதன் பதறிப்போனார். சம்பந்தியம்மாள் பக்கத்து வீரகேரளம்புதூரில் பிறந்தவள்; அருவியைப் பார்த்தால் மனசு குளிராதா? இருந்த வீடியோ அத்தனையையும் அவளுக்குத் தட்டிவிட்டார். மீனாவின் பதில்கள் இன்னும் பின்னால் போயின.

கால் முடிந்ததும் பெலிக்ஸைப் பிடித்து உலுக்கினார்.

"லைன் அதே லைன்தான அண்ணாச்சி? உங்க அருவியெல்லாம் வரிசையில முன்னால நிக்கு. மீனா பேச்சு அதுக்குப் பின்னால நிக்கு. வயிறு சின்னதுன்னா நிரம்புனதும் கொஞ்சத்தக் கீழ விட்டுரும், அனுப்புத போனும் வேகத்தக் குறைச்சுக்கிடும். இது எல்லாத்தையும் உள்ள தேக்கிக்கிடும்."

"இத முதல்லயே சொல்ல என்னலே? கழட்டு அத!"

போன் அடித்தது. லோகநாயகி.

"அண்ணாச்சி, எங்களுக்குச் சம்மதம். இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படி நிதானமா யோசிச்சுப் பதில் சொல்லுதா? எம்பையனப் பத்திச் சொன்னதும் நெசந்தான். அவன் சுமார்தான்."

சண்முகநாதனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மீனாவா? நிதானமாகவா? சட்டென்று திரும்பினார்.

"ஏலே, கழட்டிராத! கல்யாணம் முடியட்டும்!"

ரூட்டரைக் கழட்ட ஏறிய ஏணியிலிருந்து பெலிக்ஸ் இறங்கினான்.

"மாப்பிள்ளையும் அதத்தான் சொன்னாரு அண்ணாச்சி. வயிறு பெருசாப் பாத்து மாட்டச் சொல்லி எனக்குப் போன் போட்டதே அவருதான்."