மேலே ஏறிய சிப்

"காசெல்லாம் வேண்டாம் அண்ணே" என்று ரிப்பேர்காரன் நாகராஜ் சொன்ன நிமிஷத்திலிருந்து ராக்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

போர்ட் பிளேர் பஜாரில் நாற்பது வருஷமாகக் கயிறும் பெயிண்டும் விற்கிறவர் அவர். பேரம் பேசுகிறவனை நம்புவார். கண்ணீர் விட்டுப் பேரம் பேசுகிறவனை இன்னும் நம்புவார். ஒன்றுமே கேட்காதவனை என்ன சொல்லி நம்புவது?

ரிப்பேர் ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டருக்கு. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையும் இருக்கும். டிவியில் செருகினால் ஓடும். எண்பத்தெட்டில் ஒரு கப்பல்காரருக்கு நாலு சுருள் கயிறு கொடுத்து மாற்றிக்கொண்டது. இப்போது சென்னையில் ஒரு கல்லூரி மியூசியம் திறக்கிறது. அதற்குச் சாமான் சேர்க்கும் குணா, வடக்கு அந்தமானில் திக்லிபூருக்கு அக்கா வீட்டுக்கு வந்தவர், போனில் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன் சார். ஓடினா கண்ணாடிப் பெட்டியில வெச்சு, உங்க பேரைப் பித்தளையில போடுவோம். ஓடலைன்னா வேண்டாம்."

பித்தளையில் பேர்! கடை போர்டில்கூட இன்னும் அவருடைய அப்பா பேர்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை நாகராஜ் மூடியைக் கழற்றினான். டிவியில் வெறும் கறுப்பு. மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"அஞ்சு வோல்ட் வரணும், மூணுதான் வருது. கெபாசிட்டர் கதம்."

அதை மாற்றியதும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு மெமரி சிப்பும் போயிருந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்துச் சாக்கெட்டில் அழுத்தினான். கர்சர் கண் சிமிட்டியது.

"பக்கா அண்ணே!"

"பழைய சிப்பைக் குடு."

"அது செத்துப்போச்சு. எதுக்கு?"

"செத்ததா, மயக்கமான்னு நான் பாத்துக்கறேன்."

செவ்வாய் காலை மறுபடியும் கட்டம். நாகராஜ் வந்து குனிந்து பார்த்தான்.

"ஒரு சிப் சாக்கெட்டை விட்டு மேல ஏறியிருக்கு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, தானா ஏறும்."

"ஒரே ராத்திரியிலயா?"

"அரே, வருஷக்கணக்காகும். அதான் எனக்கும் புரியல."

ராக்கப்பனுக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக்குப் போய் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"ஒவ்வொண்ணா நல்ல சிப்பை உருவிட்டுப் போலிச் சரக்கை வைக்கிறான்."

"சும்மா இருங்க, நல்ல மனுஷன். அவரு டீ குடிச்சிட்டுப் போகட்டும், நீங்க கடைக்குக் கிளம்புங்க" என்றாள் புஷ்பா.

சாயங்காலம் மனைவியின் நகப்பாலிஷை எடுத்து ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். இனி மாற்றினால் மாட்டிக்கொள்வான். பொட்டு வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கியதை அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமை கட்டம்கூட வரவில்லை.

"இதுக்கு மருதாணி வெச்சது யாரு?" என்று கேட்டுக்கொண்டே நாகராஜ் இரண்டு மணி நேரம் சுரண்டினான். ஓடியது. துடைத்த ஸ்பிரிட்டின் ஈரம் காயட்டும் என்றான்.

மழைக்காலத்தில் பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, அந்த வீட்டு அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். ராக்கப்பன் அதைக் கழற்றிவிட்டு நூறு வாட் போட்டார். கம்ப்யூட்டரை அடியில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில். குளிக்கிற நேரம் மட்டும் புஷ்பா கையில்.

வியாழன் காலை ஸ்பேஸ் பார் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. சிப்பும் ஏறியிருந்தது. நாகராஜ் பாரைக் கயிறு போட்டு நிமிர்த்தி, சிப்பை அழுத்திவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு குணா கூப்பிட்டார். "பாராடாங் ஃபெர்ரி தாண்டிட்டேன் சார். ஒரு மணிக்கு வந்துடுவேன். மூணு மணிக்கு ஃப்ளைட்."

நாகராஜ் அப்போதுதான் மூடியைத் திறந்திருந்தான். சிப் ஏறியிருந்தது.

ராக்கப்பன் வெடித்தார். "பூட்டின அலமாரிக்குள்ள சிப்புக்குக் கால் முளைச்சுதா? இதுல கை வைக்கத் தெரிஞ்சவன் உன்னை விட்டா இந்தத் தீவுலயே இல்ல. பையைக் கொட்டுடா, திருட்டுப் பயலே!"

நாகராஜ் பையைக் கொட்டவில்லை. தோளில் மாட்டிக்கொண்டான்.

"எவன் கூப்பிட்டாலும் வீட்டுக்குப் போகாதவன் நான். இந்த மெஷின் மேல உள்ள ஆசையில வந்தேன். இனிமே கால்ல விழுந்தாலும் வரமாட்டேன்."

ஸ்கூட்டர் போய்விட்டது.

"போனா போறான், அழுத்தறதுதானே" என்று ராக்கப்பன் கட்டைவிரலை வைத்தார். நறுக்கென்று ஒரு சத்தம். சிப்பின் கால்கள் மூன்று உடைந்து அவர் விரலிலேயே குத்திக்கொண்டு நின்றன.

"புஷ்பா! அவன் போன் நம்பரைக் கொண்டா, சீக்கிரம்!"

புஷ்பா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மூச்சிரைக்கக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அழகம்மா உள்ளே வந்தாள்.

"ரிப்பேர்காரரு போயிட்டாரா? ஏன்டி புஷ்பா, உன் மிக்ஸிக்கு, ஃபேனுக்கு, அயர்ன் பாக்ஸுக்குன்னு தினம் அந்தச் சிப்பைக் கரண்டியால நெம்பி அவரை வரவெச்சியே, என் கிரைண்டர்னதும் விட்டுட்டியா?"