டைம்கீப்பரின் வரி ரோஜா

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ரோஜாச் செடிக்கு விசில் ஊதிய ஒரே மனிதர் எங்கள் டைம்கீப்பர்தான். பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. அதை அவர் மனைவி மேரியம்மாவே ரேஷன் கடையில் மட்டும்தான் பயன்படுத்தினார். என் வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் சும்மா கிடந்த என் இடத்தில் நீளமாக ஒரு பாத்தி வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அதன் நடுவில்தான் அந்த ரோஜா வந்தது.

ஓசூரிலிருந்து டெம்போவில் செடி கொண்டுவருபவனிடம் வாங்கியது. "ரத்தச் செவப்பு" என்று சத்தியம் செய்து விற்றிருந்தான். பூத்ததும் பார்த்தால், வெள்ளை இதழில் சிவப்புக் கோடுகள், ஒன்று தடிமனாக, ஒன்று நூலாக, வரிசையில்லாமல் ஓடின. எதிர்வீட்டுப் பொன்னி கட்டட வேலைக்குப் போகிறவள். நின்று பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, பெயிண்ட் பிரஷ்ஷ இதும்மேல ஒதறிட்டீங்களா?" என்றாள்.

டைம்கீப்பர் அதை நோய் என்று முடிவு செய்தார். வேப்பெண்ணெய் அடித்தார், மோர் அடித்தார். அடுத்த பூவில் கோடு ஜாஸ்தியானது. கடைசியில் என்னிடம் வந்தார். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன்.

"நோவு இல்லிங்க. இந்த ஜாதியே இப்படித்தான். வருஷம் பூரா விட்டு விட்டுப் பூக்கும்."

"அப்ப டெம்போக்காரனுக்கு நான் வுட்ட சாபம் இன்னா சார் ஆவறது?"

"வாபஸ் வாங்கிக்குங்க."

அடுத்த வாரம் டெம்போவை நடுரோட்டில் மறித்து, நிஜமாகவே வாபஸ் வாங்கிக்கொண்டார். டெம்போக்காரன் அன்றோடு எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டான்.

விட்டு விட்டுப் பூக்கும் என்று நான் சொன்னதை அவர் தமக்குத் தெரிந்த மொழியில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை பூப்பதும் ஒரு 'டிரிப்'. வாடிய பூவைச் செடியில் விடவே மாட்டார். "இறக்கி வுட்டாத்தான் அடுத்த டிரிப்பு எடுக்கும்" என்று கத்தரியோடு போவார். சுற்றிலும் பெயிண்ட் டப்பாக்களில் இருந்த சாதாரண ரோஜாக்களெல்லாம் டவுன் பஸ். வரி ரோஜா எக்ஸ்பிரஸ். மொட்டு விரியத் தாமதமானால் விடியற்காலையில் எதிரே நின்று விசில். எனக்கும் தெருநாய்க்கும் தூக்கம் போகும். மேரியம்மா அடுப்பங்கரையிலிருந்தே சொல்வார்: "எம்பொண்ணு பரீச்சைக்கு ஒரு நாளு எழுப்பியிருப்பாரா இந்த மனுசன்?"

ஒரு முறை ஒரு கிளையில் மட்டும் கோடே இல்லாமல் முழுச் சிவப்பாகப் பூ வந்தது. இந்த வகையில் அப்படி நடப்பதுண்டு. "ரூட்டு மாறிப் போவுது சார், வுட்டா மொத்த வண்டியும் பின்னாலயே பூடும்" என்று அந்தக் கிளையை அடியோடு எடுத்தார். சரியான வைத்தியம்தான். காரணத்தை நான் வகுப்பில் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பூ கேட்டு வந்த பெண்ணிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். டைம்கீப்பர் சட்டத்தை மீறியதில்லை. ஆனால் கொடுப்பது அவர் முறைப்படிதான். பூவின் கழுத்தைக் கிள்ளினால் அடுத்த துளிர் சோனியாக வரும்; கீழே ஐந்து சிற்றிலை உள்ள நல்ல இலைவரை இறங்கி வெட்ட வேண்டும். வெட்டியதை அப்படியே கொடுப்பார், ஒரு முழக் குச்சியோடு. குச்சியை ஒடிப்பது அவர் கண்ணெதிரே கூடாது, செடியை அவமதிப்பதாம். பொன்னி ஒரு நாள் திருநாவலூருக்குக் காதுகுத்துக்குப் புறப்பட்டவள், பூவை அந்தக் குச்சியோடு கொண்டையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் நின்று கத்தினாள்.

"ஏண்ணே, பின்சீட்டு ஆளுக்கு மூக்குல குத்திக்கினு ஒரே ரகளை! உளுந்தூர்பேட்டை வரைக்கும் திட்டிக்கினே வந்தான்!"

"பூ வாடிச்சா?"

"பூ வாடல."

"அப்பறம் இன்னா?"

இப்படியே போயிருக்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனது. ஆபீஸ்கள் வந்தன, தெருவில் ஆளாளுக்கு வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கடை கட்டினார்கள். எனக்கும் ஆசை வந்தது. ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவசியம் என்று எதுவும் இல்லை. வெறும் ஆசைதான். பாத்தி இருந்த இடத்தில் இரண்டு கடை கட்டுவது என்று முடிவெடுத்து, சித்திரை மாத வாஸ்து நாளில் பூஜை செய்து மனை போட மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் டைம்கீப்பரிடம் சொன்னேன்.

அவர் பாத்தியைக் காட்டினார்.

"கத்திரி வெயிலு வரப்போவுது சார். இப்ப பேத்தா செடி தாங்காது. ஆவணியிலயும் வாஸ்து நாளு வருதுங்களே?"

"மேஸ்திரி அப்ப வேற வேலைக்குப் போயிடுவார்."

"வேற மேஸ்திரி கெடைக்க மாட்டாங்களா?"

கிடைப்பார்கள். எனக்குத் தெரியும். சித்திரையில் பெரிய ரோஜாவைப் பெயர்த்தால் வேர் அறுந்து செடி காயும் என்பதும் தெரியும். குச்சி நட்டுப் பார்த்து எதுவும் வேர் பிடிக்காததால் வரி ரோஜாவில் அவருக்கு இருப்பது அந்த ஒரு செடிதான் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் முடியாது என்றேன்.

அவர் மறுநாளே வேலையைத் தொடங்கினார். நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து அடியில் ஓட்டை போட்டார். வெள்ளிமலை வண்டி டிரைவரிடம் சொல்லி கல்வராயன் மலையிலிருந்து செம்மண்ணும் இலைமக்கும் வரவழைத்தார். புதுக் கண்டக்டர் ஒருவர் மூட்டைக்கு டிக்கெட் கேட்டதற்கு, "அது மண்ணு இல்ல, பேசஞ்சரோட சீட்டு" என்று வாதாடினாராம். வாஸ்து நாளன்று பொன்னியும் கொத்தனார்களும் சேர்ந்து செடியை மண்ணோடு தூக்கினார்கள். அவர் முன்னால் நடந்து, "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி" என்று படியேற்றி மொட்டை மாடியில் இறக்கினார். கீழே என் மனைக்கு ஐயர் மந்திரம் சொன்னார். மேலே விசில் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

கத்திரி வந்தது. இலைகள் உதிர்ந்தன. பாதிக் கிளையை வெட்டினார், பச்சை வலை கட்டினார், டிரம்மைச் சுற்றி நனைத்த சாக்கு போர்த்தினார். கேட்டால், "வண்டி ஷெட்டுல நிக்குது சார்" என்பார். என்மேல் ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

மனசு கேட்காமல் நான் ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு மெதுவாக மாடியேறி செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். அவர் காலையில் ஊற்றுவது எனக்குத் தெரியும். இந்த வெயிலுக்கு அது கம்மி என்று நினைத்தேன். மிச்சமிருந்த இலையும் மஞ்சளானது. டைம்கீப்பர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார், சேறாக இருந்தது. மேரியம்மாவைச் சந்தேகப்பட்டார். "எனக்குக் குடிதண்ணி புடிக்கவே நேரமில்ல, இதுக்கு வேறயா!" என்று மேரியம்மா குடத்தை வைத்த சத்தம் என் வீடுவரை கேட்டது. மறுநாள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டைம்கீப்பர் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது.

"சார்... நீங்களா?"

வாளியோடு நின்றேன். அறுபத்தெட்டு வயதில், காப்பியடித்துப் பிடிபட்ட மாணவன் எப்படி நிற்பான் என்று அன்றுதான் தெரிந்தது.

"செடி காஞ்சுடப் போவுதேன்னு..."

"தண்ணி ஜாஸ்தியாயி வேரு அழுவுது சார். ஒரே ஸ்டாண்டுல ரெண்டு டைம்கீப்பரு இருந்தா ஒரு வண்டி கூட கெளம்பாது." வாளியை வாங்கிக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "தண்ணி என் டூட்டி. நீங்க சாயங்காலம் வெயிலு தாழ்ந்ததும் வந்து வலைய இறக்கி வுடுங்க, செடிக்குக் காத்து வரட்டும். அத்தோட சரி."

அன்றிலிருந்து வலையை இறக்கும் வேலை எனக்கு. தவறியதில்லை.

ஆடி மழைக்குப் பிறகு அடியில் ஒரு துளிர் வந்தது. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து வந்தால் அது வெறும் காட்டு ரோஜா. இரண்டு பேரும் குனிந்து, மாறி மாறி மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தோம். ஒட்டுக்கு மேலேதான். அப்புறமும் நிம்மதியில்லை, முழுச் சிவப்பாக ரூட் மாறி வந்துவிட்டால்? மொட்டு கட்டியது. நாலைந்து நாள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலை மாடிக்குப் போனபோது அது விரிந்திருந்தது. சின்னப் பூதான். வெள்ளையில் சிவப்புக் கோடு, வழக்கம்போலத் தாறுமாறாக.

சொல்ல வேண்டியதை அன்றுதான் சொன்னேன். "டைம்கீப்பர், நான் ஆவணி வரைக்கும் காத்திருந்திருக்கணும்."

"ஆமா சார், இருந்திருக்கலாம்" என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு, "வெயில்ல நிக்காதீங்க, இப்படி நெழலுக்கு வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.

கீழே ஒரு கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. இன்னொன்றுக்கு யாரும் வரவில்லை. மேலே மாடியில் செடி டிரம்மை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த மழையில் எனக்கு முழங்கால் வலி. இதை எழுதுவதிலும் நேரம் போய்விட்டது. மாடியிலிருந்து அவர் குரல் கேட்கிறது: "சார், மூணு பூ வந்து நிக்குது, உங்களுக்காகத்தான் வெட்டாம வச்சிக்கினு இருக்கேன். மெதுவா ஏறி வாங்க!"

மெதுவாகத்தான் போக வேண்டும். அவர் காத்திருப்பார்.